கம்பி நடுவே வரட்டும்

மார்ச் 3

வாலுவுக்கு,

முன்னால் 'அன்புள்ள' போட வேண்டும் என்று உன் மாமா சொல்கிறார். கோபம் தணிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். அன்றைக்கு நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ குறுக்கே வந்தாய். நீ முடிப்பதற்குள் நான் கத்தினேன். மாமா போனைப் பிடுங்கி, "அக்காளும் தங்கச்சியும் இனிமே கடுதாசிதான் போட்டுக்கணும். அதுலதான் ஒருத்தி பேசி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தி வாயை மூடிக்கிட்டு இருப்பா" என்று சொல்லி உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டார். அவரே செய்த பின் நான் எதற்குத் தடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போனில் சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். தோப்பின் மேற்கு ஓரத்தில் சர்வே ஆட்கள் வந்து முளை அடித்திருக்கிறார்கள். சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட முளைகள். அதோடு விட்டார்களா, அங்கே நிற்கிற சவுக்கு மரங்கள் அத்தனையிலும் வெள்ளைப் பெயிண்டில் பெருக்கல் குறி. உயர் அழுத்தக் கம்பி அந்த வழியாகப் போகிறதாம், அடியில் உயரமான மரம் எதுவும் நிற்கக் கூடாதாம். "யாருப்பா இந்தக் கோட்டைப் போட்டது?" என்று கேட்டேன். தலைமை அலுவலகத்தில் ஒரு மேடம் என்று சொல்லி, உன் பேரையும் சொன்னான் முளை அடித்தவன்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பக்கத்துத் தோப்பு லாரிக்காரர் அங்கேயேதான் நின்றிருந்தார். "உங்க தங்கச்சிதானேம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திராமல் போய்விட்டார். அந்த மனிதர் ஒரு கேள்வியோடு பேச்சை முடித்து நான் பார்த்ததே இல்லை.

சவுக்கு போனால் மாந்தோப்பு போச்சு. எங்கள் தோப்பு மட்டுமல்ல, வண்டிப்பாதை போகிற எல்லாத் தோப்பும். இதற்கு என்ன பதில் சொல்கிறாய்?

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

குறுக்கே பேச வழியில்லாததால் உன் கடிதத்தை முழுதாகப் படித்தேன். போனில் கத்தியதைவிட எழுத்தில் நன்றாகவே கத்துகிறாய்.

நான் அந்தக் கோட்டைப் போட்டது உண்மை. ஏன் போட்டேன் என்பதையும் கேள். உங்கள் பகுதியில் கிழக்கே வீடுகள், மேற்கே ஏரி. ஏரிக்குள் டவர் நிறுத்த முடியாது, மழைக்காலத்தில் அடித்தளம் தண்ணீரில் நிற்கும். வீடுகளின் மேல் போகவே கூடாது. மீதி இருப்பது தோப்புகள்தான். எங்கள் ஆட்கள் முதலில் போட்ட கோடு தோப்புகளைக் கோணலாக வெட்டிக்கொண்டு போனது. அதை அழித்துவிட்டு நான்தான் ஓரத்துக்குத் தள்ளினேன். "எது வந்தாலும் ஓரமா வரட்டும், நிலத்தை நடுவுல வெட்டிக்கிட்டு வரக் கூடாது" என்று அப்பா சொல்வது எனக்கு மறக்கவில்லை. யார் நிலமும் இரண்டாகப் பிரியாத வழி அது ஒன்றுதான் என்று, அன்றைக்கு ரொம்பத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

எனக்குத் தெரிந்த மேற்கு ஓரத்தில் முள்வேலியும் காய்ந்த புல்லும்தான் இருந்தன. வானத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. வேலி என்று நினைத்தேன். சவுக்கு எப்போது வைத்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

மரத்துக்கு இழப்பீடு உண்டு. அதை நியாயமாகவே போட்டிருக்கிறார்கள். வழித்தடத்துக்கு ஒப்புதல் வந்துவிட்டது, என் கையில் இனி ஒன்றும் இல்லை.

உன் தங்கை

மார்ச் 23

வாலுவுக்கு,

இழப்பீட்டை நீயே வைத்துக்கொள். அதை வரிசையாக நட்டு வைத்தால் காற்றுக்கு மறைக்குமா?

சவுக்கு எப்போது வைத்தோம் என்று கேட்டாய் அல்லவா. நீ வேலைக்குப் போன அந்த வருஷம் ஏரி காய்ந்து, கரையில் நின்ற மரங்களும் பட்டுப்போக, காற்று தடையில்லாமல் வந்தது. முட்டை அளவுக்குப் பெருத்திருந்த காய்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் தரையில். மாமாவும் நானும் கூடையில் அள்ளி அள்ளி மாட்டுக்குப் போட்டோம், கடைசியில் மாடே முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வருஷமும் அதே கதை. அப்போதுதான் தோப்புக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மேற்கு ஓரம் முழுக்க, ஒரே வரிசையாகச் சவுக்கு வைத்தோம். லாரிக்காரர் லாரியில் டேங்கை ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் குடத்தில் பிடித்து ஊற்றினோம். நானும் லாரிக்காரர் வீட்டுக்காரியும் அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாதவர்கள். தண்ணீர் ஊற்றித்தான் சிநேகிதமானோம்.

இப்போது அந்த மரங்கள் அண்ணாந்து பார்க்கிற உயரம். காற்று ஏரிப் பக்கமே நின்றுவிடுகிறது. காய் மரத்திலேயே முற்றுகிறது.

உன்னிடம் சொல்லவில்லை என்கிறாய். நீ போன் செய்தால் என்ன கேட்பாய்? "நல்லா இருக்கியா, மாமா நல்லா இருக்காரா, சரி, மீட்டிங் இருக்கு." இதில் சவுக்கை எங்கே நுழைப்பது?

கம்பி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் விளக்கு எரிய வேண்டும், உன் ஊரிலும் எரிய வேண்டும். ஆனால் நீ எங்களுக்கு நல்லது என்று நினைத்துப் போட்ட கோடு, சரியாக எங்கள் கழுத்தின் மேல் போகிறது. ஓரம் என்றால் ஒன்றுக்கும் உதவாத இடம் என்று உனக்கு யார் சொன்னது? ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் பிறகு பேசு.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

அதிகம் எழுத நேரமில்லை. சில விவரங்கள் மட்டும் வேண்டும்.

தோப்புகளுக்கு நடுவே போகிற வண்டிப்பாதை எவ்வளவு அகலம்? லோடு ஏற்றிய லாரி அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகுமா? பாதையை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிற மரங்கள் எப்படிக் காய்க்கின்றன? எல்லாத் தோப்புக்கும் பாதை நடுவில்தானே போகிறது? மாமாவிடம் கேட்டு எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். மேற்குப் பக்கம் வெயில் அதிகமாகத்தான் இருக்கிறது.

தங்கை

ஏப்ரல் 16

அன்புள்ள வாலு,

விட்டு வைத்த இடத்தை நிரப்பிவிட்டேன், பார்த்தாயா.

"மேற்குப் பக்கம் வெயில் அதிகமாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகு டீக்கடைக்காரர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். "உங்க கொழுந்தியா மாதிரியே ஒரு பொண்ணு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு ஏரிக்குள்ள நடந்துச்சு. அப்புறம் சவுக்கு மரத்துல சாஞ்சு ரொம்ப நேரம் நின்னுச்சு. அழுதுச்சோ என்னமோ, கண்ணைத் துடைச்சுக்கிட்டு பஸ் ஏறிடுச்சு."

தோப்பு வரை வந்துவிட்டு அக்காவைப் பார்க்காமல் போயிருக்கிறாய். அன்றைக்குச் சமைத்தது மிச்சமாகி வீணாய்ப் போனது. வந்திருந்தால் திட்டிக்கொண்டே சோறு போட்டிருப்பேன். அதற்குப் பயந்துதான் போனாய் என்று தெரியும்.

வண்டிப்பாதையை ஏன் கேட்கிறாய் என்பதும் புரிந்துவிட்டது. லாரிக்காரரின் பெரிய லாரியே அதில் தாராளமாகப் போகும். பாதையை ஒட்டின வரிசைகள்தான் எல்லாத் தோப்பிலும் பழசு. ஒரு வருஷம் காய்த்தால் ஒரு வருஷம் ஓய்வெடுக்கும். ஆனால் வாலு, எங்கள் வரிசையில் முதல் மரம் நீ ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்ட மரம். அப்பா அதைத்தான் கடைசி வரை தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு பாதையில் இரண்டு நடை போய் வந்தேன். மேற்கு வரிசை போனால் எல்லாம் போகும். நடு வரிசை போனால் நடு வரிசை மட்டும்தான் போகும். அந்த இடம் வெறுமனே கிடக்கவும் வேண்டாம். எங்கள் மாங்கன்று நர்சரியை வீட்டுப் பக்கத்திலிருந்து கம்பிக்கு அடியில் கொண்டுபோய் விடுகிறேன். என் நர்சரியில் எந்தக் கன்றும் இடுப்பு உயரம் வருவதற்குள் விற்றுப் போய்விடுகிறது, எந்தக் கம்பியை அது தொடப் போகிறது?

நடுவே வரட்டும்.

லாரிக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஏம்மா, ஊரே டவரைத் தள்ளி வைன்னு கேட்கும், நீங்க தோப்புக்கு நடுவுல கூப்பிடுறீங்களே?" என்றார். அவர் வீட்டுக்காரிதான் உள்ளேயிருந்து, "குடத்துல தண்ணி ஊத்துனவங்களுக்குத்தான்யா அது புரியும்" என்றாள். மறுநாள் அவரே எல்லாத் தோப்புக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இனி நீ பார்த்துக்கொள்.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

நான் வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். நம் ஊர் டீக்கடைக்கு முன்னால் எங்கள் வானப்படமெல்லாம் ஒன்றுமே இல்லை.

புதிய கோட்டை வரைந்து எங்கள் தலைமைப் பொறியாளரிடம் கொண்டுபோனேன். கையில் ஸ்கேல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஆபீசில் அவருக்கு ஸ்கேல் என்றே பெயர். முதலில், "சார், இது என் அக்கா தோப்பு. பழைய கோடு என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். யாரோ சொல்லித் தெரிவதைவிட நான் சொல்வது மேல் என்று தோன்றியது.

அவர் படத்தில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "உங்க அக்காவுக்காக லைனைத் தள்ளி வைக்கணும், அதானே?"

"இல்ல சார். அவங்க தோப்புக்கு நடுவுலயே கொண்டு வரணும்."

இன்னொரு தடவை ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பாதை இருப்பதால் ஆட்களும் சாமான்களும் போக வசதி என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் கோடு உள்ளே திரும்பும் இடத்தில் ஒன்று, வெளியே திரும்பும் இடத்தில் ஒன்று, இரண்டு கோண டவர் கூடுதலாக வேண்டும். அவை நேர்க்கோட்டு டவர்களைவிடக் கனமானவை, செலவும் அதிகம். "ஓரத்துல நிக்கிற மரத்துக்காகவா இவ்வளவும்? காத்து அடிக்கும், காய் கொட்டும், எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான்" என்றார். என்னை இந்த வேலையிலிருந்து விலக்கிவிட்டார். அது நியாயம்தான், ஆனாலும் வலிக்கிறது. பழைய கோடே இருக்கட்டும் என்று முடிவானால், இந்த ஆபீசில் என் கோட்டை இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. மரம் வெட்டுவதற்கு முன் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அவரே நேரில் வருகிறார். இந்த மாதம் இருபதாம் தேதி. நான் வரக் கூடாது என்று உத்தரவு. பந்தல் போடத் திறந்தவெளியாக ஓர் இடம் வேண்டுமாம், அதை ஊர்க்காரர்கள்தான் காட்ட வேண்டும்.

இதற்கு மேல் நான் எழுதக் கூடாது. நீ மட்டும் தயவுசெய்து அங்கே கத்தாதே.

தங்கை

மே 21

அன்புள்ள வாலு,

கத்தவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மாமா சாட்சி.

திறந்தவெளி கேட்டார்கள். சவுக்குக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டி இருப்பதைவிடத் திறந்த வெளி இந்த ஊரில் ஏது? அங்கேயே காட்டினேன். பந்தல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த மாசத்துலயா, இங்கயா?" என்றார். "அவங்க திறந்தவெளி கேட்டாங்கண்ணே, நான் என்ன செய்ய?" என்றேன்.

காலையில் அவர்கள் வந்தபோது காற்று சாதுவாகத்தான் இருந்தது. உங்கள் ஸ்கேல் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், எல்லாரையும் கும்பிட்டார். பெரிய படத்தை மேசையில் விரித்தார்கள். வெயில் ஏற ஏறக் காற்று ஆரம்பித்தது. படத்தின் ஒரு மூலையில் ஸ்கேலை வைத்தார். இன்னொரு மூலை எழும்பியது, தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார். பிறகு போனை. பிறகு யாரோ ஓர் அதிகாரியின் மூக்குக் கண்ணாடி டப்பாவை. அதற்குப் பிறகு வைக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு கையாலும் படத்தை அமுக்கிக்கொண்டே பேசினார். மைக்கில் புஸ் புஸ் என்ற சத்தம்தான் வந்தது. "ஓரத்துல உள்ள மரங்கள்தானே" என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. அதே சமயம் பந்தலின் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, துணி முழுக்க லாரிக்காரர் தலையில் கவிழ்ந்தது. அவர் உள்ளேயிருந்து பேசியதை எழுத முடியாது. வாயெல்லாம் ஏரி மண். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எழுந்தேன். கிட்டப் போய், சாதாரணமாகச் சொன்னேன்: "ஐயா, மேசையைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் வாங்க. கூட்டத்தை அங்க வெச்சுக்கலாம்."

சவுக்கு வரிசையில் மாடு போக ஓர் இடைவெளி உண்டு. அது வழியாக எல்லாரும் உள்ளே வந்தோம். மாமாவும் லாரிக்காரரும் மேசையைத் தூக்கி வந்து மாமரத்தடியில் போட்டார்கள். நாலு எட்டுதான், வாலு. அந்தப் பக்கம் அவ்வளவு ஆட்டம், இந்தப் பக்கம் மா இலை அசையவில்லை. மேலே மட்டும் சவுக்கு ஓவென்று கத்திக்கொண்டிருந்தது.

உங்கள் ஸ்கேல் படத்தை விரித்தார். பழக்கத்தில் பாட்டிலை மேலே வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். போனை எடுத்தார். கண்ணாடி டப்பாவை எடுத்தார். கடைசியாக ஸ்கேலையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு படத்தையே பார்த்தார். அது அப்படியே கிடந்தது.

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"மரம் நிக்கிற வரைக்கும் இப்படித்தான்" என்றார் லாரிக்காரர். தலையில் இன்னும் மண்.

பிறகு நான் வண்டிப்பாதையைக் காட்டினேன். எந்த வரிசை போகும், எது நிற்கும், அடியில் என்ன வைப்போம் என்று எல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தோப்புக்காரரும் எழுந்து, தன் நடு வரிசையைத் தருகிறேன் என்றார். உங்கள் ஸ்கேலால் நம்ப முடியவில்லை. "எல்லா ஊர்லயும் எங்களைத் தள்ளிப் போங்கன்னு சொல்றாங்க. நீங்க உள்ள வாங்கன்னு சொல்றீங்க."

"வந்துதான் ஆகணும்னா வழியோட வாங்கன்னு சொல்றோம்" என்றேன்.

சிரித்துவிட்டார். கிளம்பும்போது என்னிடம் தனியாகக் கேட்டார், "இது உங்க தங்கச்சி யோசனைதானே?"

"அவ கோடு போடுவா, நான் திருத்துவேன். சின்னப் பிள்ளையிலேர்ந்து அப்படித்தான்" என்றேன். கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனி எப்போது கிடைக்கும்?

முடிவை அவர் சொல்லவில்லை. ஆனால் போகும்போது ஏரிப் பக்கம் போகாமல் வண்டிப்பாதை வழியாகவே, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடந்துபோனார்.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

நாம் ஜெயித்துவிட்டோம். நேற்று ஸ்கேல் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் என் புதிய படம் இருந்தது, ஒப்புதல் கையெழுத்தோடு. நான் வாயைத் திறப்பதற்குள், "கோண டவருக்குச் செலவு ஆகும்தான். ஆனா அந்த ஓரத்துக்கு லாரி போக நாம ஒரு புது ரோடே போட வேண்டியிருந்திருக்கும், அதை யாருமே கணக்குல சேர்க்கலை" என்றார். பிறகு, "இனிமே எந்த லைன் போட்டாலும், காத்து மாசத்துல ஒரு தடவை நேர்ல போய் நின்னு பாக்கணும்னு எல்லாருக்கும் எழுதிட்டேன்" என்றார். அடுத்த வழித்தடத்தை என்னிடமே கொடுத்திருக்கிறார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அதற்கும் சேர்த்து நீ கேலி செய்வாய் என்று தெரியும்.

இப்போது கேலியை நிறுத்திவிட்டுக் கவனமாகப் படி. கம்பிக்கு அடியில் நர்சரி வைக்கலாம், ஆனால் நிழல்வலையை உயரமாகக் கட்டாதே. இரும்புத் தூண், இரும்பு வேலி எது போட்டாலும் எங்கள் ஆட்களிடம் சொல்லி எர்த் கொடுத்த பிறகுதான் தொட வேண்டும். தண்ணீரைச் சொட்டாகவே விடு, மேலே பீய்ச்சாதே. மாமா நீளமான அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. இதைச் சுவரில் ஒட்டி வை.

அந்த மரத்தை எப்போது வெட்டுகிறார்கள் என்று மட்டும் எனக்கு எழுதாதே.

உன் வாலு

ஜனவரி 12

அன்புள்ள வாலு,

நீ சொன்னபடி எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

டவர்கள் நின்றுவிட்டன. கம்பியும் இழுத்துவிட்டார்கள். போன வாரம் மின்சாரம் விட்டார்கள், பனி பெய்கிற காலையில் மெதுவாக ஒரு இரைச்சல் கேட்கிறது. பழகிவிட்டது. அழகாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். வானத்தில் துணி காயப்போடக் கயிறு கட்டின மாதிரிதான் இருக்கிறது. மேற்கே சவுக்கு மொத்தமும் நிற்கிறது, பெருக்கல் குறியோடு. மழையில் பெயிண்ட் கரைந்துகொண்டிருக்கிறது. தோப்பு முழுக்கப் பூ. லாரிக்காரர் தினமும் வந்து, "இந்த வருஷம் கொம்பு தாங்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உன் மரத்தை வெட்டுவதற்கு முன்னால், அதன் கொழுந்துக் கிளைகளை எடுத்து, கையில் இருந்த கன்றுகளிலெல்லாம் ஒட்டுக் கட்டினோம். மாமா, நான், லாரிக்காரர் வீட்டுக்காரி, மூன்று பேரும் விரல் வலிக்க வலிக்கக் கட்டினோம். முக்கால்வாசி பிடித்துக்கொண்டது. எல்லாம் இப்போது கம்பிக்கு அடியில், அந்த மரம் நின்ற இடத்திலேயே முழங்கால் உயரத்துக்குத் தளிர்த்து நிற்கின்றன. வாங்கிப் போக இப்போதே ஆட்கள் கேட்கிறார்கள். அப்பாவின் மரம் இனி எத்தனை ஊரில் காய்க்கப் போகிறதோ தெரியாது.

மேற்கு ஓரத்தில் அடித்த உன் முளைகளைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று உங்கள் ஆட்களிடம் கேட்டேன். தாராளமாக என்றார்கள். முதல் முளையை நான்தான் பிடுங்கினேன், ஊரே கை தட்டியது. நல்ல கெட்டியான மரம், வாலு. சும்மா எறிய மனசு வரவில்லை. ஒவ்வொரு ஒட்டுக்கன்றுக்கும் ஒரு முளையை ஊன்றிக் கட்டி வைத்திருக்கிறேன். சிவப்பும் வெள்ளையுமாகப் பாத்தி முழுக்க நிற்கிறது.

ஒன்றை மட்டும் யாருக்கும் விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அதை வீட்டு முன்னால் நீ வந்து நட வேண்டும். இந்தத் தடவை பஸ் ஸ்டாப்போடு திரும்பிப் போனால் டீக்கடைக்காரர் எனக்குச் சொல்லிவிடுவார்.

மாமா உன் நம்பரைத் திறந்துவிட்டார். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய். குறுக்கே பேச மாட்டேன் என்று மட்டும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

உன் அக்கா